ஓரத்தில் எழுதியது

கூடலூரில் ஆடி மழை
பதினோரு நாளாய் விடவில்லை.
வார்டு ஜன்னலில் போர்வைகள்
காய்வதாய் நடிக்கின்றன.
ஊசிமலைத் திருப்பத்தில் மண்சரிவைத் தாண்டி
ஆய்வுக் குழுவின் ஜீப் வந்து சேர்ந்தது.

டாக்டர் இளம்பரிதி நல்ல மனிதர்.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து
தரை துடைக்கும் ஸ்டெல்லாவுக்குத்தான் முதலில் நீட்டினார்.
நாற்பது பேர் இரத்தம் வேண்டும் அவருக்கு.
முப்பத்தொன்பது ஆகிவிட்டது.

நாற்பதாவது வெளுத்தி.
மூன்றாம் கட்டில். மூட்டுவலி, காய்ச்சல்,
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு.
படிவம் ஆறு பக்கம்.
'முழுமையாகப் புரிந்துகொண்டு, தன்னிச்சையாக' என்று முடியும்.
என் வேலை சுலபம்:
பெருவிரலைப் பிடித்து ஊதா மையில் ஒற்றி
காகிதத்தில் அழுத்துவது.
முப்பத்தொன்பது விரல்களை அப்படிப் பிடித்தேன்,
தடுப்பூசிக்குக் குழந்தையைப் பிடிப்பதுபோல,
இறுக்கமாக, பிரியமாக.

வெளுத்தியின் விரலில் ரேகை இல்லை.
இருபத்தாறு வருடக் கொழுந்து
தேய்த்துவிட்டது.
ரேஷன் கடை மெஷின் மாதாமாதம்
நீ நீயில்லை என்று திருப்பி அனுப்புகிறது.
படிவத்தில் விழுந்ததோ மொழுக்கென்று ஒரு மைப்பொட்டு.
படிவம் ஒன்றும் கேட்கவில்லை.
அரிசிக்கு ஆகாத விரல்
இரத்தத்துக்குப் போதுமாயிருந்தது.

கையில் ரப்பர் கட்டும்போது கேட்டாள்:
"என்னாத்துக்கு சிஸ்டரே?"
அரிவாள் அணுச் சோகையா என்று பார்க்க.
"ரத்தத்துக்குள்ள அரிவாளா? ஆரு வெச்சது?"
சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு,
"இத எங்க கொண்டு போவாங்க?"

எனக்குத் தெரியவில்லை.
பதினேழு வருட சர்வீஸ்.
ஒளிந்துகொள்ளும் நரம்பை
இருட்டிலும் தடவிக் கண்டுபிடிப்பேன்.
முப்பத்தொன்பது பேரின் இரத்தம் எங்கே போனதென்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அவர்களும் கேட்கவில்லை என்று
எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாது.

ரப்பரை அவிழ்த்தேன்.
டாக்டர் வாட்சைப் பார்த்தார்.
"நல்லதுக்குத்தானே சிஸ்டர்?"
நல்லதுக்குத்தான் சார். சொல்லிவிட்டே எடுக்கலாமே.
குரல் நடுங்கியது. வீரமெல்லாம் இல்லை,
எனக்கு வீட்டு லோன் இருக்கிறது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
வர்க்கி சுற்றிய தாளில்
ஒரு வட்டம் வரைந்தார், பக்கத்தில் ஒரு பிறை.
ஐஸ்பெட்டி, சென்னை, பரிசோதனை என்றார்.
மிச்ச இரத்தம் பத்து வருடம்
உறைபெட்டியில் இருக்கும் என்றார்.
ஐந்தாம் பக்கத்தில் இருந்திருக்கிறது அந்த வரி.
நானும் அப்போதுதான் கேட்கிறேன்.

வெளுத்தி கொஞ்சநேரம் மழையைப் பார்த்தாள்.
"எடுத்துக்கோ.
அது என்ன சொல்லுச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்லணும்.
மிச்சத்த வெச்சுக்க வேணாம். குளுரும்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஸ்டேப்ளர் முள்ளுக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்.
'குளுரும்' என்பதையும்.
டாக்டர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஆவணியில் எனக்கு மெமோ:
ஆய்வுப் பணிக்கு இடையூறு.
ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டியலோடு
பாடி பாடியாய் நடக்கிறேன், விட்டதைச் சொல்ல.
பதினாலு பேரைப் பார்த்தாயிற்று.
ஒருவர் காப்பி கொடுத்தார்.
ஒருவர், "அப்பவே சொல்லிருந்தா குடுத்திருக்க மாட்டேன்,"
என்றுவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனார்.
ஒரு வீட்டில் அவரே இல்லை.
புரட்டாசியில் புதைத்தார்களாம்.

இன்று மாத்திரை வாங்க வந்தாள் வெளுத்தி.
"வந்துச்சா?"
இன்னும் இல்லை.
மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு
வரிசை கலைந்த பிறகும்
பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.
கடைசி பஸ் நாலரைக்கு.
டாக்டர் நம்பரை மறுபடி அழுத்துகிறேன்.
மணி போகிறது.