முக்கால்

இன்று புதன்.
பதிவேட்டில் வெள்ளிக்கிழமை வரை வந்துவிட்டிருந்தார்
ஜெ. அருளப்பன், எம்.எஸ்சி., பி.எட்.,
தகுதித் தேர்வில் நூற்றுப் பதினொன்று.
கையெழுத்தின் வால்
அடுத்த வாரத்துக் கட்டத்தை லேசாக உரசுகிறது.

"சாருக்கு இன்னைக்கு வெளி வேலை" என்றார் தலைமையாசிரியர்.
ஜன்னலில், கருவேலங்காட்டுக்கு அப்பால்
அந்த வெளி வேலை தெரிந்தது:
நீலத் தகரக் கூரை போட்ட ஐஸ் கம்பெனி.
தொண்டிக்குத் தெற்கே விசைப்படகு எல்லாம்
கடலுக்குப் போகிற நாள்.
கட்டி கட்டியாய் இறங்கிக்கொண்டிருந்தது.
தாளாளரின் மருமகன்தான்
எண்ணி ஏற்றுகிறார்.
கணக்கு வாத்தியார் அல்லவா.

ஏழாம் வகுப்பில் மெர்சிலின் நின்றிருந்தாள்,
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மெர்சிலின்.
"எண்பது சார். ரெண்டு மார்க்குல போச்சு."
நான் கேட்கவில்லை.
கேட்கப்படும் முன்பே சொல்லிப் பழகிய குரல்.
மாதம் நாலாயிரம்,
அதுவும் அருளப்பன் கவரில் போட்டுத் தருவது.

கரும்பலகையில்
ஒன்றின் கீழ் இரண்டு,
கூட்டல் ஒன்றின் கீழ் நான்கு.
விடை: இரண்டின் கீழ் ஆறு.
முப்பத்திரண்டு நோட்டிலும் அதே விடை,
ஸ்கேல் வைத்து அடிக்கோடு இட்டு.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சஃப்ரீனா.
"அரையும் காலும் முக்கால்தானே டீச்சர்?
எங்கம்மா நண்டு நிறுக்கையில
முக்காலுக்குத்தான் காசு வாங்கும்."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
மெர்சிலின் பலகையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
உள்ளங்கையாலேயே விடையைத் துடைத்தாள்.
"ஆமா. முக்கால்தான்.
நான் தப்பாப் போட்டுட்டேன். எல்லாரும் அடிங்க."

பதினெட்டு வருடமாகப் பள்ளிகளைப் பார்வையிடுகிறேன்.
இந்த வாக்கியத்தை
எந்தத் தாளாளரிடமும் கேட்டதில்லை.
என் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

அறைக்குத் திரும்பிப் பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
போன ஆகஸ்ட். அன்றும் புதன்.
அன்றும் அருளப்பன் இரண்டு நாள் முன்னே போயிருந்தார்.
அடியில் பச்சை மையில்:
பார்வையிடப்பட்டது. திருப்தி.
கையெழுத்து என்னுடையது.

எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியும்.
அவர் சம்பளம் ஒரு மாதம் நிற்கும்.
மதுரையில் தடை வாங்குவார்கள்,
நிலுவை மொத்தமாக வந்து சேரும்.
மெர்சிலின் இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போவாள்.
விசாரணை முடியும்வரை
ஏழாம் வகுப்பில் பின்னமே கிடையாது.

எழுதாவிட்டால்?
அந்தச் சஃப்ரீனாவும்
பத்து வருடத்தில் அதே தேர்வை எழுதுவாள்.
எண்பது எடுப்பாள்.

பைக்கின் பின்னால் தெர்மாகோல் பெட்டி ஒன்று
யாரோ கட்டி வைத்திருந்தார்கள்.
பாறை மீனாக இருக்கும். போன வருடமும் பாறைதான்.
நல்ல ருசி, அதையும் சொல்லிவிட வேண்டும்.
மணலில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவிழ்த்து எடுத்துப் போய்
தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன்.
"சார், பதிவேடு நனையுது" என்றார்.
"நனையட்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை.
பதிவேட்டை நகர்த்திக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

முதல் பத்தி: சென்ற ஆண்டு ஆகஸ்டில், நான்.
இரண்டாவது பத்தி அருளப்பனுக்கு,
மூன்று வரியில் முடிந்துவிட்டது.
மூன்றாவதில் 'மெர்சிலின்' என்று எழுதி
ஒரு காற்புள்ளி வைத்தேன்.

மதிய மணி அடித்தார்கள்.
பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.
காற்புள்ளி
இன்னும் காயவில்லை.