முறைத் தண்ணி

கடலோரப் பாறைகளின் பாடத்தைக்
கோபியில் நடத்துகிறேன்.
எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஒரு ராத்திரி பஸ்.
முப்பத்திரண்டு பிள்ளைகளில் அலை பார்த்தவர்கள் ஒன்பது பேர்,
ஒன்பது பேரும் பார்த்தது மணல்.
ஐந்து திணையில் ஒன்று
எங்கள் நாட்டுக்கு வந்து சேரவே இல்லை.

அதனால் சனிக்கிழமைகளில் கொடிவேரி.

பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் சதுரச் சட்டம்,
இருநூற்று நாற்பது ரூபாய், என் பையிலிருந்து.
அணைக்குக் கீழே வழுக்குப் பாறையில் வைத்து
உள்ளே இருப்பதையெல்லாம் எண்ணுகிறோம்.
மேலே, தீய்ந்த தோசைக்கல்லாகக் கருப்பு:
காய்ந்த பாசி. சாகவில்லை, ஒரு கை தண்ணீர் தெளித்தால் தெரியும்.
ஒரு முழம் இறங்கினால் நத்தைகள்,
விரிசலுக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு.
பிறகு பச்சை, எண்ணெய் வைத்து ஒரே பக்கம் வாரிய தலை.
அதையும் தாண்டி நுரைக்குள்
வாயாலேயே பாறையைப் பிடித்துத் தொங்கும் கல்லொட்டி மீன்.

"கோடு போட்டது யாருங் மிஸ்?" என்றான் யுகேந்திரன்.
மேல் வரம்பை வெயில் போடும்,
கீழ் வரம்பைப் பல் போடும் என்றேன். பாடத்தில் அப்படித்தான்.
அங்கே தண்ணீரை ஏற்றி இறக்குவது நிலா.
இங்கே பவானிசாகரில் ஒரு சக்கரம்,
அதற்கு ஓர் அரசாணை,
ரோட்டில் நாலு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினால்
அமாவாசையும் தள்ளிப்போகும்.

பல்லைச் சோதிக்கக் கம்பி வலையால் ஒரு கல்லை மூடினோம்.
மீன் நுழையாத இடத்தில்
பதினைந்தே நாளில் புல்வெளி.
மூன்றாம் வாரம் வலையைக் காணோம்.
மீன் வறுக்கும் கடையில் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தது.
அதையும் குறித்துக்கொண்டோம்.

ஏழாம் சதுரத்தில் எதுவுமே இல்லை.
பாசியில்லை, நத்தையில்லை, வெறும் கல்.
வெயிலா, வெள்ளமா என்று பிள்ளைகள் வாதாடும்போது
லாட்ஜ் பெட்ஷீட் மூட்டையோடு துளசிமணி வந்தார்.
"ஏனுங் டீச்சர், நாந் தொவைக்கற கல்லு மேல
எதுக்குங் சட்டத்தப் போட்டு வெச்சிருக்கறீங்க?"
போன ஆடியில் வழுக்கி முட்டி போனதாம்.
அன்றிலிருந்து தேங்காய் நாரால் வாரம் மூன்று தேய்ப்பு.
மேய்வன என்ற பத்தியில் அவர் பெயரை எழுதினேன்.
சிரித்துவிட்டு, ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார்.

மாசியில் தண்ணீர் இறங்கியபோது
அந்தக் கல்லின் ஓரத்தில், அதன் ஓரத்தில் மட்டும்,
தோல் மாதிரி ஒட்டிக் கிடந்த ஏதோ ஒன்று
கடுகளவு பூத்தது.
வருசம் முழுக்க ஆற்றுக்கடியில் இருந்துவிட்டு
காற்றுப் பட்டதும் பூக்கிற செடி.
பேர் தெரியாது. பாசியோடு போட்டியிட்டு ஜெயிக்கத் தெரியாது.
விதை கட்டப் பத்து நாள் வேண்டும்
என்று ஒரு பழைய கட்டுரை.

அன்றைக்கு நாலாம் நாள்.

லஸ்கர் காளியண்ணனுக்குப் போன் போட்டேன்.
"நாளான்னிக்கு வெடியால தொறக்கறமுங்.
தடப்பள்ளிக்காட்டுல நெல்லு பால் புடிக்கற நேரமுங்.
ஏனுங் அம்முணி, பாறையில துணி கிணி காயுதுங்களா?"

ஆமாங்க என்றேன்.

கடுகளவு பூ என்று சொல்ல வாய் வரவில்லை.
நெல்லும் பூத்துத்தானே பால் பிடிக்கிறது,
அதைவிட எனக்கு என்ன வழக்கு.

திங்கட்கிழமை எட்டுப் பத்துக்கு
முதல் விரிசல் நனைந்தது.
நத்தைகள் தலையை வெளியே விட்டன.
கருப்பெல்லாம் பச்சையாகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது,
கேட்கவில்லை, நுரைதான்.
எடுக்க மறந்த சட்டம் எழும்பி மிதந்து போனது,
உள்ளே அரை மீட்டர் ஆறு,
எதையும் எண்ண விடாமல்.

மத்தியானம் காளியண்ணனே கூப்பிட்டார்.
"துணி எடுத்துட்டீங்களாங்?"

எடுத்தாச்சுங்க.