ஆறு நிறத்துக்குள்

காசிமேட்டு கேரம் கிளப்புக்கு முப்பது பனியன்.
போர்டு, பின்னால கடல், நடுவுல ரெட்டு.
ஆறு நிறம் தாண்டினா
கூலி கட்டாது என்கிறார் பட்டறை தேவசகாயம்.

ஆறு என்று தட்டினேன்.
கடலுக்கு மூன்று நீலம் எடுத்துக்கொண்டது மென்பொருள்,
வானத்துக்கு ரெண்டு சாம்பல்,
மிச்சத்துக்கெல்லாம் ஒரே பழுப்பு.
ரெட்டு அதில் கரைந்தே போச்சு.

இந்தப் பொத்தானை எழுதினவரே,
தலையை எண்ணிப் பங்கு போடாதீங்க.
நாற்பது புள்ளிதான் அந்தச் சிவப்பு,
ஆட்டமே அதுக்குத்தான்.
விரல் வைத்து
‘இது இருக்கட்டும்’ என்று சொல்ல
ஒரு பூட்டு கொடுங்க.

அப்புறம் இந்தத் திரை.
காலையில் ஜன்னலில் துறைமுக வெயில்,
ஆறு மணிக்கு மேல் டியூப்லைட்,
ஒரே சிவப்பு வேளைக்கு ஒன்றாக.
உங்கள் சாம்பல் கட்டங்களோடு
ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு
கிளப்பிலிருந்து நிஜ ரெட்டையே வாங்கி வந்து
திரையில் ஒட்டிப் பிடித்தேன்.
கொஞ்சம் ஆரஞ்சு. குறைத்தேன்.
சரி.

ராத்திரி போன்:
“கறுப்புத் துணின்னு சொல்லவே இல்லியேப்பா,
அடியில வெள்ளை ஒரு கை ஓட்டணும்.
அது ஏழு.”