கணியம்

கோதையாறு. மார்கழி விடியல்.
முழங்கால் வெள்ளம்தான்,
காலை வாரப் பார்க்கிறது.

முப்பது பாகக் கடலில்
நீவாடு பார்த்து ஈயம் இறக்குகிறவன் நான்.
இங்கே அது தரை தொடுமுன்
பாறைக்கடியில் போய்ச் சிக்குகிறது.

'அந்த நுரைக்குப் பொறத்த போடு மச்சான்'
ரப்பர் பால் காய்ந்த விரலால் காட்டுகிறான்
பெர்க்மான்ஸ்.
மூன்று தூண்டில் போயாயிற்று.
கால்விரல்கள் இருக்கின்றனவா, தெரியவில்லை.

கடலில் பார் தேட
கோயில் மணிக்கூண்டையும் ஒரு மலையையும்
ஒரே கோட்டில் பிடிப்போம்.
அந்த மலையின் அடியில்தான் நிற்கிறேனாம்.
இங்கிருந்து அது மலை மாதிரியே இல்லை.
மூங்கில், ஈரம், அட்டை.

தங்கூஸ் உள்ளங்கையை அறுத்தது.
'குயில்மீனு!' கத்தினான் அவன்.
ஒரே இழுப்பு.
சுறாவிடம்கூட இப்படி விழுந்ததில்லை.

எழுந்தபோது
வாயெல்லாம் தண்ணீர்.

உப்பில்லை.