குப்புற விழுதல்

ஞாயிறு காலை ஐந்தரை. வாட்டர்லூவில் மைனஸ் பதினேழு.
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது
பின்சீட்டிலிருந்து கேட்கிறாள்:
"ரெண்டு இட்லி தின்னா எடை ஏறிடுமாம்மா?"
தெரியலை என்கிறேன்.
நவம்பரிலிருந்து நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

பள்ளிக்கூட ஜிம்மில் வரிசை.
ஒருவர் நகங்களைப் பார்க்கிறார்.
இன்னொருவர் கழுத்தில், முழங்கை மடிப்பில் டார்ச் அடித்து
படர்தாமரை இருக்கிறதா என்று தேடுகிறார்.
இவ்வளவு அழகான பெயரை எதற்குப் போய் வைத்திருக்கிறோம் என்பது
அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.
இல்லை என்றானதும் தாமிராவின் முன்கையில்
கறுப்பு மார்க்கரால் எழுதினார்கள்: 74.
"மாட்டுச் சந்தை மாதிரி" என்று இவர் முணுமுணுக்க,
முழங்கையால் ஓர் இடி.

பிறகு காத்திருப்பு.
மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம் என்று
யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.
தலையணை கொண்டுவந்திருப்பேன்.
பக்கத்தில் ஒருத்தி, பெயர் டெனீஸ்,
ஸ்வெட்டர் பின்னியபடி நிமிராமல் சொன்னாள்:
"உன் பிள்ளை கணுக்காலில் சிவப்பா பச்சையா, அதைப் பார்.
நடுவரின் அந்த நிற மணிக்கட்டு உயர்ந்தால் கைதட்டு.
மற்றதெல்லாம் போகப் போகப் புரியும். புரியாமலும் போகும்."

கீழே வீழ்த்தினால் மூன்று புள்ளி.
கீழே கிடந்தவள் மேலே வந்துவிட்டால் இரண்டு.
பிடியிலிருந்து நழுவி எழுந்து நின்றால் ஒன்று.
தப்பித்ததற்காகப் புள்ளி தரும் விளையாட்டு
வேறொன்று எனக்குத் தெரியாது.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று
கேலி பேசுகிறோமே,
இங்கே அதில் பாதி சட்டம்.
குப்புறக் கிடப்பவள் இன்னும் தோற்கவில்லை.
தோள்பட்டை இரண்டும் தரையில் பதிந்தால்தான்
நடுவர் உள்ளங்கையால் மெத்தையை அறைவார்.

முதல் ஆட்டத்தில் அந்த அறை நாற்பதாவது விநாடியில் விழுந்தது.
ஒலிபெருக்கி "டமாரா" என்றது.
இவர் பாப்கார்ன் வாங்கப் போனவர்
இரண்டாவது ஆட்டம் தொடங்கியும் திரும்பவில்லை.

இரண்டாவது ஆட்டம்.
எதிரே செம்பட்டைச் சடை, நீண்ட கைகள்.
கைகுலுக்கினார்கள். அடுத்து நான் பார்த்தபோது
என் பிள்ளை மல்லாக்கக் கிடக்கிறாள்,
ஒரு தோள் மட்டும் அந்தரத்தில்.
நடுவர் தரையோடு கன்னம் வைத்து
அந்த இடைவெளியை அளக்கிறார்.

ஐந்தாம் மாதம். அபார்ட்மெண்ட் கார்ப்பெட்.
இதே கை அடியில் மாட்டிக்கொள்ள, முகம் சிவந்து,
முக்கி முக்கிக் கவிழ்ந்தாள்.
கொழுக்கட்டை அவித்து மேல்வீட்டு ரோசாவுக்குக் கொண்டுபோனேன்.
என்ன விசேஷம் என்றாள்.
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குழந்தை விழுந்துவிட்டாள் என்றேன்.
தட்டை அப்படியே வைத்துவிட்டு
ஆஸ்பத்திரிக்குச் சாவி எடுக்க ஓடினாள்.

"குப்புற விழு!"
யாரோ கத்துகிறார்கள். நான்தான்.
பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறேன், செருப்புக் காலோடு.
"குப்புற விழுடீ! கையை எடு, கையை எடு!"
டெனீஸின் ஊசிகள் நின்றன.

இடுப்பு முதலில் திரும்பியது.
பிறகு தோள்.
பிறகு மார்பு முழுக்க மெத்தையில் அப்பிக்கொள்ள,
முகத்தைப் புதைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு,
கிடந்தாள். கிடந்தாள்.
அப்படியொரு கிடையை நான் பார்த்ததில்லை.

ஏழுக்கு நான்கு. தோல்விதான்.
செம்பட்டைச் சடையின் கோச்சிடமும் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தாள்.
அதுவும் விதியாம், இவளே சொன்னாள்.

திரும்பும் வழியில் கன்னத்தில் மெத்தை உரசிய சிவப்பு,
மடியில் ஆறிய இட்லி நான்கு.
"நான் கத்தினது கேட்டுச்சா?"
"எல்லாருக்கும் கேட்டுச்சும்மா."
வாய் நிறைய மென்று விழுங்கிவிட்டு,
"அடுத்த வாரம் பெஞ்சு மேல ஏறாதே."

இரவு சோப்பு போட்டுத் தேய்த்தும்
74 முழுசாகப் போகவில்லை.