ஒன்னுமில்லீங்க

சென்னிமலையில் போர்வை மடிக்கிற கை இது.
இன்றைக்கு மட்டும்
எழுநூறு ரூபாய்க்கும் மதியச் சாப்பாட்டுக்கும்
நோயாளி.

பெருந்துறைச் சாலையில் ஒரு பரீட்சைக்கூடம்.
குடும்ப மருத்துவம் படித்தவர்களுக்குப்
பேச வருகிறதா என்று பார்க்கிறார்கள்.
எனக்குக் கொடுத்த தாளில்
பெயர் மைதிலி. வயது ஐம்பத்தொன்று.
மூன்று வாரமாகத் தலைவலி.
கீழே தடித்த எழுத்தில்:
தங்கச்சி வீட்டுக்காரர் மூளைக் கட்டியில் செத்தார்,
அவருக்கும் தலைவலியில்தான் ஆரம்பம்.
கேட்டால் மட்டும் சொல்லவும்.
கேட்காவிட்டால்
"ஒன்னுமில்லீங்க" என்று சிரிக்கவும்.

இதற்கு ஒத்திகை வேறு வைத்தார்கள்.
இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில்
சீட்டு வாங்கி உட்காருகிற எவருக்கும்
முதல் நோவு அதுதானே.

மணி அடிக்கும். எட்டு நிமிடம்.
கதவு திறக்கும். வணக்கங்க.
மரியாதைக்கு மார்க் என்றால்
எங்கள் சீமையில் ஃபெயிலாக ஆளில்லை.
வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியோடு நிற்கும்போதும்
"ஏனுங்க, உங்களுக்கு மூளை இருக்குதுங்களா"
என்றுதான் கேட்போம்.

முதல் ஆள் வலி எந்தப் பக்கம் என்றார்.
பொட்டிலா, பிடரியிலா, வாந்தி உண்டா, வெளிச்சம் கூசுதா.
நல்ல கேள்விகள்.
சுவர்க் கடிகாரத்துக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.
இரண்டாமவர், நான் வாயெடுக்கும் முன்
"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்றார்.
நான் இன்னும் சொல்லவே இல்லை.
மூன்றும் நான்கும் டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார்கள்.
தாளில் அழுகை கிடையாது;
மனசு நோகக் கூடாதென்று ஒன்றை எடுத்து
மூக்கைத் துடைத்தேன்.
ஐந்தாவது அம்மாள் "ஸ்ட்ரெஸ்ஸுங்க" என்று
தினமும் நடக்கச் சொன்னார்.
எங்கே என்று கேட்க மணி விடவில்லை.

ஏழாம் எண்.
கோபியோ அந்தியூரோ, பேச்சில் தெரிந்தது.
சட்டையில் கக்கத்து ஈரம்.
நாற்காலியை இழுத்தார், அது கிறீச்சிட்டது,
அவரே திடுக்கிட்டார்.
நான்கு கேள்வி கேட்டார்.
ஐந்தாவது மறந்துவிட்டது.

எனக்குத் தெரியாதா?
மடிக்கிறபோது எண்ணிக்கை தப்பினால்
என் முகமும் அப்படித்தான் போகும்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பார்க்க வேறு இடம் கிடைக்கவில்லை.
மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்றது.
டக்.
டக்.
"எங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கும்
இப்பிடித்தானுங்க" என்றேன்.

கேட்காமல் சொல்லிவிட்டேன். தப்புத்தான்.
எனக்குத் தங்கச்சியே கிடையாது,
தொண்டை ஏன் அடைத்தது?
அவர் பெட்டியைத் தள்ளவில்லை.
"அதானுங்களா பயம்?" என்றார்,
படித்த தமிழை எங்கோ கழற்றி வைத்துவிட்டு.

மூலையில் இருந்த பரீட்சகர் ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.
மௌனத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்
என்று ஏதாவது இருக்கும்.
நான் காட்டிக் கொடுக்கவில்லை.

கடைசியில் நோயாளிக்கும் ஒரு தாள்.
இவரிடம் மறுபடி போவீர்களா? ஆம், இல்லை.
ஏன்? அதற்கு ஒரு வரி இடம்.
ஏழுக்கு ஆம்.
'சும்மா இருந்தாருங்க.'
வாங்கிப் பார்த்த பெண் நிமிர்ந்தாள்.
"ஒண்ணுமே செய்யலையா?"
"அப்படியில்லீங்க. சும்மா இருந்தாரு."
மாற்றி எழுதுங்கள் என்றாள்.
என்னவென்று எழுத?

வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது
'மை' என்று தொடங்கிவிட்டேன்.
அடித்துவிட்டுப் பழனாத்தாள் ஆனேன்.

பஸ்ஸில் நிஜமாகவே தலைவலி.
பதினோரு தடவை சொன்னால் வராதா பின்னே.
ஈங்கூர் தாண்டும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார்.
"என்ன, கொரல் ஒரு மாதிரி இருக்குது?"
"ஒன்னுமில்லீங்க."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
வைக்கவும் இல்லை.
தறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.
வைக்க மறந்துவிட்டாரோ என்னவோ.

ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.