உப்புக் கம்பெனிக்கு நிலைய அதிகாரி தேவை

விளம்பரம் நான் எழுதியதுதான்:
பத்தாண்டு அனுபவம், குளிர் தாங்கும் உடம்பு.
காற்றைப் பற்றி எழுதவில்லை.
எழுதினால் யார் வருவார்கள்?

சாந்தியாகோவிலிருந்து வந்தவருக்கு
மாடிப்படி முடியுமுன்னே மூச்சு முட்டியது.
கோகா இலைத் தேநீர் கொடுத்து
அடுத்த வண்டியிலேயே அனுப்பிவைத்தோம்.

எர்மெலிந்தா சோக்கே கடைசியாக வந்தாள்,
பொலிவியா எல்லைப் பக்கமிருந்து.
சான்றிதழ்கள் பிளாஸ்டிக் பையில்,
காலணியில் வெள்ளையாய் உப்பு.
"முன்னாலே இருந்தவர் என்ன ஆனார்?"

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஜூலைக் குளிரில் ஒரு ராத்திரி
சரக்கு வண்டிக்குப் பச்சை விளக்கைப் போட்டுவிட்டு
அதிலேயே தொற்றிக்கொண்டு போய்விட்டார்
என்றேன்.
பதிவேட்டில் புறப்பாடு இரண்டு பத்து,
அழகான கையெழுத்து,
தாமதம் இல்லை என்றுகூட எழுதியிருந்தார்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அப்புறம் அந்த விளக்கை
யார் அணைத்தது?"

யாருமில்லை.
இரண்டு நாள் பச்சையாகவே எரிந்தது,
பாட்டரி தீரும்வரை.

முதலாளியின் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.
சம்பளக் கட்டத்தில் நாங்கள் போட்டதை அடித்து
மேலே வேறொரு தொகை எழுதினாள்.
கையெழுத்து. தேதி.
சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து
மணியும்.